மூலபாடம் எது? லியோனார்டு கோஹனின் ‘ஹாலெலூயா’ பாடலும் அதன் மறுபாட்டுகளும்

ஆய்வுச்சுருக்கம்

கனடியக் கவிஞரும் பாடகருமான லியோனார்டு கோஹன் 1984இல் வெளியிட்ட ‘ஹாலெலூயா’ என்னும் பாடல், பிறரது குரல்களின் வழியாகவே உலகப் புகழ் பெற்றது. அப்பாடலின் மறுபாட்டுகளைக் குரல்வளம், இசையமைப்பு ஆகியவற்றின் அடிப்படையில் ஒப்பிடுவதே பெருவழக்கு. பாடகர்கள் எந்தச் சரணங்களைக் கொண்டனர், எவற்றை விட்டனர் என்னும் பாடபேத நோக்கில் அவற்றை அணுகுகிறது இக்கட்டுரை. ஜான் கேல் 1991இல் செய்த சரணத் தேர்வே பிற்காலப் பாடகர்களுக்கு மூலபாடமாக அமைந்தது என்பதையும், அத்தேர்வில் விடுபட்ட இறுதிச் சரணத்தாலும் துணைக்குரல்களாலும் பாடலின் பொருள் திசைமாறியது என்பதையும் இது நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: மறுபாட்டு, பாடபேதம், மூலபாடம், லியோனார்டு கோஹன், ஜான் கேல், ஜெஃப் பக்லி.

முன்னுரை

2008ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் வாரத்தில் பிரிட்டனின் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் ஒரே பாடல் மூன்று இடங்களைப் பிடித்திருந்தது. ‘எக்ஸ் ஃபேக்டர்’ தொலைக்காட்சிப் போட்டியில் அவ்வாண்டு வென்ற அலெக்சாண்ட்ரா பர்க் பாடியது முதலிடத்திலும், 1997இல் மறைந்த ஜெஃப் பக்லி பாடியது இரண்டாம் இடத்திலும், பாடலை இயற்றிய லியோனார்டு கோஹனின் பதிவு 36ஆம் இடத்திலும் இருந்தன. பக்லியின் பதிவு இரண்டாம் இடத்துக்கு வந்தது தற்செயலன்று. தொலைக்காட்சிப் போட்டிக்காக அப்பாடல் மலினப்படுத்தப்பட்டதாகக் கருதிய இசை ஆர்வலர்கள், பர்க்கின் பதிவை முந்தச் செய்யும் நோக்குடன் பக்லியின் பதிவை வாங்குமாறு இயக்கம் நடத்தினர். ‘உண்மையான’ பாடலைக் காப்பதே அவர்களது நோக்கம்.

அவர்கள் காக்க முனைந்த பாடல் எது என்பதே இங்கு எழும் வினா. பக்லி பாடியது கோஹனின் 1984ஆம் ஆண்டுப் பதிவை அன்று. ஜான் கேலின் 1991ஆம் ஆண்டுப் பதிவை. ஆக, படியிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு படிதான் மூலம் என்னும் பெயரால் முன்னிறுத்தப்பட்டது. ஏட்டுச்சுவடிப் பதிப்பியலில் பயிற்சி உடையோர்க்கு இது புதிய நிலைமை அன்று. மூல ஏட்டைக் காட்டிலும் பரவலாகப் படியெடுக்கப்பட்ட ஓர் ஏடே பாடமாக நிலைத்துவிடுவதை அவர்கள் பலமுறை கண்டிருப்பர்.

ஒருவர் முன்பே பாடி வெளியிட்ட பாடலை மற்றொருவர் மீண்டும் பாடிப் பதிவுசெய்வதை ஆங்கில வழக்கில் ‘கவர்’ என்பர். இக்கட்டுரை அதனை மறுபாட்டு என வழங்குகிறது. மறுபாட்டு குறித்து மெய்யியல் துறையில் எழுதிவரும் பி.டி. மாக்னஸ் முதலியோர், மூலத்தை அப்படியே ஒலிக்க முயல்வனவற்றையும் அதனைப் புதிதாக நிகழ்த்துவனவற்றையும் பிரித்து, இரண்டையும் ஒரே அளவுகோலால் மதிப்பிடலாகாது என்கின்றனர். இப்பாகுபாடு பயனுடையதே. எனினும் மூலம் ஒன்றே, அது அறியப்பட்டதே என்னும் எடுகோள் அதனுள் பொதிந்திருக்கிறது. ‘ஹாலெலூயா’வைப் பொறுத்தவரை அந்த எடுகோள் நிற்பதில்லை.

1984: நான்கு சரணங்கள்

‘ஹாலெலூயா’ இடம்பெற்ற ‘வேரியஸ் பொசிஷன்ஸ்’ இசைத்தொகுப்பைத் தயாரித்தவர் ஜான் லிஸ்ஸாவர். கோஹனின் பதிவுகளை வெளியிட்டுவந்த கொலம்பியா நிறுவனம் இத்தொகுப்பை அமெரிக்காவில் வெளியிட மறுத்தது. பின்னர் பாஸ்போர்ட் என்னும் சிறிய நிறுவனம் அங்கு வெளியிட்டது. கோஹன் இப்பாடலைப் பல ஆண்டுகள் எழுதிக்கொண்டிருந்தார் என்பதும், ஏறத்தாழ 80 சரணங்கள் எழுதிக் குவித்தார் என்பதும் பலரும் எடுத்துக்கூறும் செய்திகள். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். பதிவானவை நான்கே சரணங்கள் என்பதும், பதிவாகாதவை அழிந்துபோகவில்லை என்பதுமே இக்கட்டுரைக்கு வேண்டியவை.

முதற்சரணம் தாவீது அரசனைப் பற்றியது. 1 சாமுவேல் 16ஆம் அதிகாரத்தில், சவுலின் மனத்துயர் தணியத் தாவீது நரம்பிசைக் கருவியை மீட்டுகிறான். கருவியைத் தமிழ் விவிலியம் சுரமண்டலம் என்கிறது. கோஹனின் பாட்டில் அந்த இசை இறைவனை மகிழ்விக்கும் மறைவான ஒரு சுரக்கூட்டாக, கிடார் பயில்வோர் ‘கார்டு’ என்று சொல்வதாக, ஆகிறது. அடுத்து நிகழ்வது இன்னும் நுட்பமானது. சுரக்கூட்டுகளின் பெயர்களைச் சொற்கள் ஒவ்வொன்றாகச் சொல்லும்போது, சொல்லப்படும் அதே சுரக்கூட்டு இசைக்கருவியில் ஒலிக்கிறது. நான்காவது, ஐந்தாவது, பின்னர் மைனர், பின்னர் மேஜர். பாடல் தன் இலக்கணத்தைத் தானே ஓதிக்கொண்டு செல்கிறது. மெட்டு படிப்படியாக ஏறி, குழம்பிய அரசன் பாட்டுக் கட்டுவதைச் சொல்லும் இடத்தில் இ-செவன்த் என்னும் சுரக்கூட்டை அடைகிறது. அதில் வரும் ஜி-ஷார்ப், பாடலின் சி-மேஜர் அளவுக்கு அயலானது. கர்நாடக இசை வழக்கில் சொன்னால், சங்கராபரணத்தின் நடுவே புறத்திலிருந்து வந்த சுத்த தைவதம். அங்கிருந்து மெட்டு மைனரில் இறங்கும்போதுதான் ‘ஹாலெலூயா’ என்னும் சொல் முதன்முறையாக வாயிலிருந்து வருகிறது. துதிச்சொல் துயரத்தின் சுரக்கூட்டில் பிறப்பது இப்பாடலின் அடிப்படை அமைதி. எவர் பாடினாலும் இது மாறுவதில்லை.

இரண்டாம் சரணம் 2 சாமுவேல் 11, நியாயாதிபதிகள் 16 ஆகிய இரு கதைகளையும் ஒரே ‘நீ’யின் மேல் ஏற்றுகிறது. விவிலியத்தில் மாடியில் உலவுபவன் தாவீது. அங்கிருந்தபடி அவன் குளிக்கும் பெண்ணைக் காண்கிறான். பாட்டிலோ குளிப்பவளே மாடியில் இருக்கிறாள். விவிலியத்தில் சிம்சோனின் முடியைச் சிரைப்பவன் தெலீலாள் அழைத்த ஓர் ஆள். பாட்டில் அவளே வெட்டுகிறாள், அதுவும் அவனைச் சமையலறை நாற்காலியில் கட்டிவைத்து. அரசவையும் பெலிஸ்தரின் நாடும் மறைந்து ஒரு சிறு குடியிருப்பின் அடுக்களை வந்துவிடுகிறது. தோற்ற ஆண்மகனின் உதட்டிலிருந்து பெண் பறித்தெடுப்பது அதே துதிச்சொல்தான்.

மூன்றாம், நான்காம் சரணங்களே இக்கட்டுரையின் மையம். இறைவனின் பெயரை வீணிலே வழங்கியதாகக் குற்றம் சாட்டப்பட்டவன் அளிக்கும் விடை மூன்றாம் சரணம். யாத்திராகமம் 20இல் உள்ள கட்டளையின் நிழல் இதில் விழுகிறது. அந்தப் பெயரே தனக்குத் தெரியாது என்கிறான் அவன்; ஒவ்வொரு சொல்லிலும் ஒளி இருக்கிறது என்றும், கேட்பவன் காதில் விழுந்தது புனிதமான துதியா உடைந்த துதியா என்பது பொருட்டன்று என்றும் வாதிடுகிறான். நான்காம் சரணம் கணக்கு ஒப்புவிக்கும் ஒருவனின் குரல். தன் முயற்சி சிறிது என்று ஒப்புகிறான். ஏமாற்ற வரவில்லை என்கிறான். அனைத்தும் பிழையாகிப் போனாலும் பாட்டுக்கு அதிபதியான ஒருவர் முன்னே அந்த ஒற்றைச் சொல்லோடு நிற்பதாக முடிக்கிறான். மொன்றியாலின் யூதக் குடும்பத்தில், சமயக் கல்வி மிக்க சூழலில் வளர்ந்த கோஹனுக்கு இந்த நிற்றல் வெறும் உருவகமன்று. தீர்ப்பு நாளின் வழிபாட்டு மொழி அதில் கலந்திருக்கிறது.

பல்லவியில் அச்சொல் நான்கு முறை வருகிறது. முதலாவதும் மூன்றாவதும் நான்காம் சுரக்கூட்டில், இரண்டாவது மைனரில். நான்காவது மட்டுமே ஆதார சுருதிக்குத் திரும்புகிறது. ‘அல்லேலூயா’ என்பது எபிரேயத்தில் பன்மை ஏவல். யாவைத் துதியுங்கள் என்று பலரை நோக்கிச் சொல்வது. 1984ஆம் ஆண்டுப் பதிவில் சரணங்களைக் கோஹன் தாழ்ந்த குரலில், பேச்சை ஒட்டிப் பாடுகிறார். பல்லவி வந்ததும் துணைக்குரல்கள் எழுந்து சூழ்கின்றன. ஜெனிஃபர் வார்ன்ஸ் அக்குரல்களுள் ஒருவர். அன்றைய செயற்கை ஒலிக்கருவிகளின் மினுக்கம் இன்று கேட்போரை உறுத்தும். இப்பதிவைக் குறைத்து மதிப்பிடுவோர் பெரும்பாலும் அதையே சுட்டுவர். ஆனால் பன்மை ஏவலுக்குப் பலர் குரல் விடை தருகின்ற அமைப்பு இப்பதிவில்தான் உள்ளது. ஒருவன் தோற்கிறான், அவனைச் சுற்றி ஒரு சபை பாடுகிறது.

1991: கேல் என்னும் பதிப்பாசிரியர்

வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவை நிறுவியோருள் ஒருவரான ஜான் கேல், நியூயார்க்கில் கோஹன் இப்பாடலை மேடையில் பாடக் கேட்டார். லே ஆன்ராக்குப்திப்ல் என்னும் பிரெஞ்சு இதழ் கோஹனுக்குச் சிறப்புச் செய்யும் வகையில் ‘ஐயாம் யுவர் ஃபேன்’ என்னும் தொகுப்பை உருவாக்கியபோது, கேல் இப்பாடலைத் தேர்ந்து, சொற்களை அனுப்புமாறு கோஹனிடம் கேட்டார். தொலைநகலில் 15 பக்கங்கள் வந்து விழுந்தன என்று கேல் பின்னாளில் கூறியிருக்கிறார். சமயச் சார்புடைய சரணங்களைத் தம்மால் பாட இயலாது என்று ஒதுக்கி, குறும்பு மிக்கவற்றை எடுத்துக்கொண்டதாகவும் அவர் சொல்கிறார்.

கேல் பாடிய சரணங்கள் ஐந்து. முதலிரண்டும் 1984ஆம் ஆண்டுப் பதிவில் உள்ளவை. எஞ்சிய மூன்றும் அப்பதிவில் இல்லாதவை. எனினும் அவை கேலின் கண்டுபிடிப்பு அல்ல. 1988இல் மேடையில் பாடிப் பதிவாகி, 1994இல் ‘கோஹன் லைவ்’ தொகுப்பில் வெளியான வடிவத்தில் கோஹன் இம்மூன்றையும் பாடுகிறார். அங்கே தாவீதும் பத்சேபாளும் இல்லை. பிரிந்த காதலியின் அறையைப் பற்றிய சரணத்தில் தொடங்கி, உடற்கலவி நினைவைக் கூறும் சரணத்தையும், காதல் கற்பித்தது முந்திக்கொண்டவனைச் சுட்டுவீழ்த்தும் வித்தையே என்று கசந்துகொள்ளும் சரணத்தையும் பாடி, 1984ஆம் ஆண்டின் இறுதிச் சரணத்தில், அதிபதி முன் நிற்பதில், முடிக்கிறார்.

ஆக, 1991க்கு முன்பே கோஹனிடம் இரு வடிவங்கள் இருந்தன. ஒன்று விவிலியத்தில் தொடங்குவது; மற்றொன்று படுக்கையறையில் தொடங்குவது. இரண்டும் சென்று சேரும் இடம் ஒன்றே. கேல் முதல் வடிவத்தின் தொடக்கத்தையும் இரண்டாம் வடிவத்தின் நடுப்பகுதியையும் இணைத்தார். இரண்டுக்கும் பொதுவாக இருந்த முடிவை விட்டார். இரு ஏடுகளிலும் காணப்படும் பகுதியை எந்தப் பதிப்பாசிரியரும் நீக்கத் துணியார். அதை நீக்கியதே இப்பாடலின் வரலாற்றில் மிகப் பெரிய தலையீடு என்பது இக்கட்டுரையின் துணிபு.

விளைவு வெளிப்படை. ஒளியைப் பேசும் சரணமும் கணக்கு ஒப்புவிக்கும் சரணமும் இல்லாத பாடல், குளிர்ந்து உடைந்த துதி என்னும் தொடரில் நின்றுவிடுகிறது. கோஹனிடத்தில் உடைதல் வழியில் வருவது; கேலிடத்தில் அதுவே சேருமிடம். இசையமைப்பும் இதற்கு ஒத்துழைக்கிறது. தனிப் பியானோ, தனிக்குரல். துணைக்குரல் எவையும் இல்லை. ‘துதியுங்கள்’ என்னும் பன்மை ஏவலைக் கேட்பதற்கு அறையில் எவரும் இல்லை.

இவ்வாறு சொல்வது கேலைக் குறைகூறுவதாகாது. மினுக்கங்களைக் களைந்து, முதற்சரணத்தின் சுரக்கூட்டு நுட்பத்தைப் பியானோவில் தெளிவாகக் கேட்கச் செய்தவர் அவர். உணர்ச்சியை அடக்கி, ஏறக்குறைய வறண்ட உச்சரிப்பில் பாடுவதால், புதிய சரணங்களின் கசப்பு தன்னிரக்கமாக வழிந்துவிடாமல் நிற்கிறது. 1984ஆம் ஆண்டுப் பதிவில் கவனிக்கப்படாதிருந்த பாடலை மற்றப் பாடகர்கள் எடுத்தாளத்தக்க வடிவில் அளித்த பெருமையும் அவருடையதே. நல்ல பதிப்பு ஒன்று வெளிவந்தபின் ஏட்டைத் தேடிச் செல்வோர் குறைந்துவிடுவது எங்கும் உள்ளதே.

1994: பக்லியின் மூச்சு

‘ஐயாம் யுவர் ஃபேன்’ தொகுப்பில் கேலைக் கேட்ட ஜெஃப் பக்லி, நியூயார்க் ஈஸ்ட் வில்லேஜ் பகுதியில் இருந்த ஷினே என்னும் சிறு காப்பிக்கடையில் இப்பாடலைப் பாடிவந்தார். 1994இல் ‘கிரேஸ்’ தொகுப்பில் அது இடம்பெற்றது. கேலின் ஐந்து சரணங்கள், அதே வரிசை. பாடத்தைப் பொறுத்தவரை பக்லி நேர்மையான படியெடுப்பாளர். அவர் மாற்றியது பாடத்தைச் சூழ்ந்த காலத்தையும் வெளியையும்.

பதிவு ஒரு வெளிமூச்சின் ஓசையுடன் தொடங்குகிறது. பிறகு மின்கிடாரின் தனித்த மீட்டல், குரல் நுழையுமுன்பே நெடுநேரம் நீள்கிறது. கோஹனின் பதிவு நாலரை நிமிடத்துக்குச் சற்றே மிகுந்தது. பக்லியினுடையது ஏறக்குறைய 7 நிமிடம். கோஹனிடம் ஓர் எண்ணிக்கைக்கு மூன்று தட்டு என்னும் திஸ்ர நடை ஊர்வலம் போல் சீராக விழுகிறது. பக்லி அதைத் தளர்த்தி, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே நின்று செல்கிறார். கலவி நினைவுச் சரணத்தில், இருவர் விட்ட மூச்சு ஒவ்வொன்றும் துதியாக இருந்தது என்னும் கருத்து வருகிறது. முதலில் கேட்ட வெளிமூச்சு அப்போதுதான் பொருள்படுகிறது. சொல்லப்படும் பொருளை ஒலியே நிகழ்த்திக்காட்டுதல் என்னும் கோஹனின் முதற்சரண உத்தியை, சுரக்கூட்டிலிருந்து மூச்சுக்கு மாற்றினார் பக்லி. மறுபாட்டுகளுள் பாடலின் உள்ளமைப்பை உணர்ந்து அதனை வளர்த்தெடுத்தது இது ஒன்றே எனத் தோன்றுகிறது.

ஆனால் இதே சிறப்பு வேறோர் இழப்பையும் முழுமையாக்குகிறது. இப்பாடலைத் தாம் உடலின்பத்தின் துதியாகக் கருதுவதாகப் பக்லி சொல்லியிருக்கிறார். அவரது பாடம் அதற்கு இடந்தருகிறது. இறுதிச் சரணம் இருந்திருந்தால் அவ்விளக்கம் பாதிப் பாட்டுக்கே பொருந்தியிருக்கும். கடைசிப் பல்லவிகளில் அச்சொல்லைத் திரும்பத் திரும்பப் பாடி, முடிவில் ஒரே சுரத்தை நெடிது பிடித்து நிற்கிறார். சரணத்தில் இல்லாத முடிவைக் குரல் தேடுகிறது என்று இதைக் கொள்ளலாம். 1997 மே மாதம் மெம்பிஸ் அருகே வுல்ஃப் ஆற்றில் மூழ்கி 30 வயதில் அவர் இறந்தபின், கேட்போர் அப்பதிவில் ஓர் இரங்கற்பாவைக் கேட்கத் தொடங்கினர். உடலின்பத்தைக் கருதிப் பாடிய பாடல் சாவின் பாடலாகக் கேட்கப்பட்டது. கோஹன் எழுதிய கணக்கொப்புவிப்போ இரண்டிலும் இல்லை.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலின் 2013ஆம் ஆண்டுத் தேர்வில் சேர்த்தது பக்லியின் ‘ஹாலெலூயா’வைத்தான். அதைவிடச் சுவையான செய்தி, ஆலன் லைட் 2012இல் இப்பாடலைப் பற்றி எழுதிய நூலின் பெயர். துணைத்தலைப்பில் கோஹனோடு பக்லியின் பெயரும் உண்டு. முதன்மைத் தலைப்போ புனிதமா உடைந்ததா என்னும் தொடரிலிருந்து அமைந்தது. ‘கிரேஸ்’ பதிவில் பக்லி பாடாமல் விட்ட மூன்றாம் சரணத்தைச் சேர்ந்தது அத்தொடர்.

புறாவும் இருளும்

2001இல் ‘ஷ்ரெக்’ என்னும் அசைவூட்டத் திரைப்படம் இப்பாடலைச் சிறுவரிடமும் கொண்டு சேர்த்தது. படத்தில் ஒலிப்பது கேலின் குரல், சிறுவர்க்கு ஏற்றவாறு சுருக்கப்பட்டு. படத்தின் இசைத்தொகுப்பில் உள்ளது ரூஃபஸ் வெயின்ரைட்டின் குரல். ஒரே படத்தின் பெயரால் இரு பாடங்கள் பரவின.

வெயின்ரைட்டின் பதிவில் இரு சொல்வேறுபாடுகள் பதிப்பியல் நோக்கில் ஆராயத்தக்கவை. பிரிந்தவளின் அறையைப் பற்றிய சரணம் பிறரிடம் காதலியை விளிக்கும் சொல்லோடு தொடங்க, இவரிடம் ‘ஒருவேளை’ என்னும் பொருளுடைய சொல்லோடு தொடங்குகிறது. ஆங்கிலத்தில் இவ்விரு சொற்களுக்கும் முதலொலி மட்டுமே வேறு. அவ்வொலிகளான பகரமும் மகரமும் இதழ் இயைந்து பிறப்பவை. அன்றியும் பின்வரும் ஒரு சரணம் ‘ஒருவேளை’ என்னும் அதே சொல்லோடு தொடங்குவதாகும். ஒலி ஒப்புமையும் அண்மைச் சரணத்தின் ஈர்ப்பும் சேர்ந்து பாடத்தைத் திரிப்பது ஏடெழுதுவோரிடம் நாம் நன்கறிந்த வழக்கு. எனினும் திரிபு பொருளற்றதாகவில்லை. முன்னிலைப் பெண் மறைந்து, பாடுபவன் தனக்குள் ஐயுறுகிறான்.

இரண்டாவது வேறுபாடு கனமானது. கலவிச் சரணத்தில் உடலோடு உடன் அசைவது கேலிடமும் பக்லியிடமும் புனிதப் புறா. வெயின்ரைட்டிடம் புனித இருள். புறா கிறித்தவ மரபில் தூய ஆவியின் குறி. யூதக் கவிஞர் ஒருவர் அதைப் படுக்கையறையில் வைப்பதில் ஒரு துணிவும் உரசலும் உண்டு. இருள் என்று கொள்ளும்போது அந்த உரசல் அடங்கி, மறைஞானக் கவிதைகளில் பயின்ற ஒரு மென்மை வந்துவிடுகிறது. இரு பாடங்களுள் கடினமானதே முந்தியது என்னும் பதிப்பியல் விதி இங்கும் மெய்யாகிறது. அழகால் இருள் குறைந்ததன்று. ஆயினும் இறைவனையும் உடலையும் ஒரே சொல்லால் தொட முயன்ற கவிஞருக்குப் புறாவே வேண்டும்.

குழுக்குரலின் வருகை

கே.டி. லாங் 2004இல் கனடியப் பாடலாசிரியர்களின் பாடல்களைத் தொகுத்து வெளியிட்ட இசைத்தொகுப்பின் பெயரிலேயே துதிப்பாடல் என்னும் சொல் உண்டு. 2006இல் கனடியப் பாடலாசிரியர் அவையில் கோஹன் சிறப்பிக்கப்பட்டபோது அவர் முன்னிலையிலும், 2010இல் வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவிலும் லாங் இப்பாடலைப் பாடினார். சரணங்கள் கேல் வழியினவே. ஆயின் பக்லி உட்சுருங்கும் இடங்களில் லாங் விரிகிறார். தாழ்ந்த குரலில் தொடங்கி, ஒவ்வொரு பல்லவியிலும் ஒரு படி ஏறி, இறுதியில் தடையற்ற முழுக்குரலில் நிற்கிறார். கேல் நீக்கிய நிற்றலைச் சொல் இல்லாமலே குரலால் மீட்கும் முயற்சி இது எனக் கொள்வதில் தவறில்லை. கேல் வழியில் வந்தோருள் கோஹனின் முடிவுக்கு மிக நெருங்கியவர் லாங்.

பர்க்கின் 2008ஆம் ஆண்டுப் பதிவை இதே அளவுகோலால் நோக்கினால், அக்காலத் திறனாய்வாளர் கூறியதினின்று சற்றே மாறுபட்ட முடிவுக்கு வர நேர்கிறது. அவர் சரணங்களைக் குறைத்தார். எஞ்சியவை கேலின் தேர்வுக்குள் அடங்குபவை. உச்சத்தை நோக்கிய ஏற்றம் போட்டி மேடைக்கென்றே அமைக்கப்பட்டது. உடைவைப் பற்றிய சொற்கள் வெற்றி முழக்கமாக ஒலிப்பது பொருந்தாமையே. இவை உண்மையான குறைகள். ஆனால் கருப்பினத் திருச்சபை மரபைச் சார்ந்த பாடகர் குழுவைப் பல்லவியில் அவர் சேர்த்தபோது, 1991இல் மறைந்த ஓர் உறுப்பு திரும்பி வந்தது. பன்மை ஏவலுக்குப் பலர் குரல் என்னும் அந்த அமைப்பு மூலப்பதிவினுடையது. அதை எதிர்த்தோர் பக்லியின் தனிமையை மூலம் என்று கருதியதால் இதைக் கவனிக்கவில்லை. பென்டாடோனிக்ஸ் குழு 2016இல் கருவிகள் இன்றிக் குரல்களாலேயே அமைத்த வடிவமும், கிறிஸ்துமஸ் தொகுப்பில் இடம்பெற்ற காரணத்தாலேயே ஏளனத்துக்கு உள்ளாயிற்று. இறைவன் இருக்கக்கூடும் என்று ஐயத்துடன் சொல்லும் சரணத்தைத் திருநாள் பாட்டாகப் பாடுவதில் முரண் உண்டு. சரணத்தில் ஐயமும் பல்லவியில் சபையும் என்னும் அதே முரண் கோஹனின் பதிவிலும் உண்டு.

விடுபட்ட சரணத்தின் மீட்சி

ஏட்டு ஒப்புமையின் எல்லை இங்கு வெளிப்படுகிறது. சங்கப் புலவர் எவரும் உ.வே.சாமிநாதையரின் அடிக்குறிப்புகளில் உள்ள பாடபேதங்களைப் படித்துத் தம் பாட்டைத் திருத்த வந்ததில்லை. கோஹன் வந்தார். 2008இல் தொடங்கிய நீண்ட உலகப் பயணத்தில், 2009இல் வெளியான ‘லைவ் இன் லண்டன்’ தொகுப்பில் கேட்கக் கிடைப்பது போல, தாவீதின் சரணத்தில் தொடங்கி, 1988ஆம் ஆண்டுச் சரணங்களையும் சேர்த்து, இறுதிச் சரணத்தில் முடித்தார். கேல் இணைத்ததைக் கோஹன் ஏற்றார்; கேல் நீக்கியதை மீண்டும் வைத்தார். ஏமாற்ற வரவில்லை என்னும் இடத்தில், தாம் அன்று பாடிக்கொண்டிருக்கும் ஊரின் பெயரைச் சேர்த்துப் பாடுவார். அரங்கில் ஆரவாரம் எழும். பாட்டின் அதிபதி முன் ஒப்புவிக்கும் கணக்கு, நுழைவுச்சீட்டு வாங்கி வந்தவர்கள் முன் ஒப்புவிக்கும் கணக்காகவும் ஆனது. 70 வயதைக் கடந்தபின், மேலாளர் ஒருவரால் சேமிப்பை இழந்து மேடைக்குத் திரும்பிய மனிதர் அதைப் பாடியபோது, வேறெவரும் ஏற்ற முடியாத பொருள் அதில் ஏறியிருந்தது. இப்பாடலை அளவுக்கு மிஞ்சியே பலர் பாடிவிட்டதாக 2009இல் ஒரு நேர்காணலில் அவர் சிரித்தபடி சொன்னதும் இக்காலத்திலேயே.

இருந்தும் அந்த வடிவம் பிறரது மறுபாட்டுகளை உடனே மாற்றிவிடவில்லை. கேலின் பாடமே வழங்கிவந்தது. 2016 நவம்பர் 7ஆம் நாள் கோஹன் மறைந்தார். மறுநாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் நடந்து, ஹிலாரி கிளின்டன் தோற்றார். நவம்பர் 12ஆம் நாள் ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியில், கிளின்டனாக நடித்துவந்த கேட் மெக்கின்னன், அதே வேடத்தில் பியானோ முன் அமர்ந்து இப்பாடலைப் பாடினார். நகைச்சுவை நிகழ்ச்சியின் தொடக்கக் காட்சியில் நகைச்சுவை எதுவும் இல்லை. அவர் முடித்த சரணம், தன் முயற்சி சிறிது என்று தொடங்கும் 1984ஆம் ஆண்டின் நான்காம் சரணம். கேல் வழியின் தனிப் பியானோவும் தனிக்குரலும் அங்கு இருந்தன. கோஹனின் முடிவும் அங்கு இருந்தது. தோற்ற வேட்பாளரின் வாயில் அச்சரணம் பொருந்தியமைக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கேலின் ஐந்து சரணங்களில் எதனாலும் அவ்விடத்தில் அதைச் சொல்லியிருக்க இயலாது.